படகில் கசியும் நீர்: துளையைக் கண்டுபிடித்த பிறகே ரெசின்

கேள்வி: என்னிடம் 28 அடி நீளமுள்ள ஃபைபர் படகு ஒன்று இருக்கிறது. பின்பலகையில் அவுட்போர்டு எஞ்சின் மாட்டித் தொழிலுக்குப் போய் வருகிறேன். கடந்த சில மாதங்களாக, மாலையில் நங்கூரமிட்டு விட்டுக் காலையில் போய்ப் பார்த்தால், படகின் பின்பக்கத்தில் இரண்டு வாளி அளவுக்குத் தண்ணீர் தேங்கியிருக்கிறது. ஃபைபர் ஒட்டுபவரை அழைத்து, தண்ணீர் தேங்கும் இடத்தில் உள்பக்கமாக இரண்டு முறை மேட் (கண்ணாடி இழை விரிப்பு) வைத்து ஒட்டியாகிவிட்டது. கசிவு குறையவே இல்லை. ‘இரண்டு நாள் தண்ணீரில் ஊறினால் தானாக அடைந்துவிடும்’ என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்கிறார்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் அதை எப்படி அடைப்பது?
தொண்டியிலிருந்து ஒரு வாசகர்

பதில்: தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் அடைக்க முடியாது என்பதுதான் நேரான பதில். ஆகவே, துளை இருக்கும் இடம் உறுதியாகத் தெரியும் வரை இன்னொரு முறை ரெசின் (கண்ணாடி இழையை இறுகப் பிணைக்கும் பிசின்) வாங்க வேண்டாம் என்று முதலில் கேட்டுக்கொள்கிறேன். ஏற்கெனவே ஒட்டிய இரண்டு ஒட்டும் வீணானதற்கு ஒட்டியவரின் கைவேலை காரணமாக இருக்க வேண்டியதில்லை; தண்ணீர் தேங்கும் இடத்தையே தண்ணீர் நுழையும் இடமாக எடுத்துக்கொண்டதுதான் காரணம்.

பெரியவர்கள் சொன்னது மர வல்லத்துக்கு முழுக்கப் பொருந்தும். கரையில் காய்ந்து கிடந்த வல்லத்தை நீரில் இறக்கினால், பலகை நீரைக் குடித்து உப்பி, இரண்டு பலகைகளுக்கு இடையிலுள்ள மூட்டைத் தானே இறுக்கிக்கொள்ளும். ஃபைபருக்கு அந்தக் குணம் கிடையாது. கண்ணாடி இழையும் ரெசினும் சேர்ந்து இறுகிய அந்த ஓடு நீரில் ஊறி உப்பி விரிசலை மூடாது. மாறாக, ஒவ்வோர் அலைக்கும் ஓடு சற்றே வளைந்து நிமிர்வதால் விரிசல் நாளடைவில் நீளும். எனவே காத்திருப்பதால் உங்களுக்கு நன்மை இல்லை.

எவ்வளவு சிறிய துளையைத் தேடுகிறோம் என்பதை முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். நீர்மட்டத்துக்கு 30 சென்டிமீட்டர் கீழே 2 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு துளை இருந்தால், மணிக்குச் சுமார் 16 லிட்டர் நீர் உள்ளே வரும். 12 மணி நேரத்தில் அது 200 லிட்டரை நெருங்கிவிடும். அதே ஆழத்தில் 1 மில்லிமீட்டர் துளை என்றால் மணிக்கு 4 லிட்டர், இரவு முழுவதற்கும் ஏறக்குறைய 50 லிட்டர். உங்கள் இரண்டு வாளிகள் 30 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், நீங்கள் தேடும் வழி ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்தது. நின்றபடி டார்ச் அடித்துப் பார்த்தால் அது கண்ணில் படாது என்பதில் வியப்பில்லை.

அடுத்ததாக, அது கடல் நீர்தானா என்று பார்த்துவிடுங்கள். இதைத் தேவையற்ற கேள்வி என்று ஒதுக்கிவிடக் கூடாது. ஐப்பசி, கார்த்திகையில் இரவில் பெய்யும் ஒரு மழையே படகில் வாளி வாளியாகத் தண்ணீரை நிரப்பிவிடும். ஈர வலையைப் படகிலேயே குவித்து வைத்தால் அதிலிருந்து வடியும் நீரும், ஐஸ் பெட்டியில் மிச்சமான ஐஸ் உருகி வழியும் நீரும் பின்பக்கத்தில்தான் போய்ச் சேரும். ஆகவே ஒரு மாலை வலையையும் ஐஸ் பெட்டியையும் கரையேற்றி, படகைச் சுத்தமாக இறைத்துத் துணியால் துடைத்து, தார்ப்பாய் போர்த்தி நங்கூரமிடுங்கள். காலையில் தண்ணீர் நின்றால், அதில் கால் லிட்டரை ஒரு எவர்சில்வர் தட்டில் ஊற்றி வெயிலில் வற்றவிடுங்கள். ஒரு லிட்டர் கடல் நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருப்பதால், அந்தத் தட்டில் எட்டு கிராமுக்குக் குறையாமல் உப்பு படிய வேண்டும். மழைக் காலத்தில் பாக் நீரிணைப் பக்கம் உப்பு சற்றுக் குறையலாம். ஆனாலும் மழை நீரோடு குழப்பிக்கொள்ளும் அளவுக்குக் குறையாது. மெல்லிய வெண்படலம் மட்டும் நின்றால், அது மேலிருந்து வந்த நல்ல நீர், படகில் ஏற்கெனவே ஒட்டியிருந்த உப்பைக் கரைத்துக்கொண்டது என்று கொள்ளலாம்.

கடல் நீர்தான் என்று தெரிந்த பின், அது எப்போது வருகிறது என்ற கேள்வி வேலையைப் பாதியாகக் குறைக்கும். படகு சும்மா நிற்கும்போதே நீர் வந்தால், வழி நீர்க்கோட்டுக்குக் கீழே இருக்கிறது. ஓடும்போது மட்டும் வந்தால், அணியத்தில் (படகின் முன்பக்கத்தில்) அலை அறையும் இடத்தையும், எஞ்சின் அதிர்வைத் தாங்கும் பின்பலகைப் போல்ட்டுகளையும் சந்தேகிக்க வேண்டும். வலையும் மீனும் ஏற்றிய பிறகு மட்டும் வந்தால், பாரம் ஏறி அமிழும்போது நீருக்குள் போகிற விளிம்பு மூட்டைப் பார்க்க வேண்டும். உங்கள் படகில் இரவில் நிற்கும்போதே நீர் ஏறுவதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால், படகு நிற்கும் நிலையில் நீர்மட்டம் எங்கே தொடுகிறது என்று இரு பக்கமும் வெளியே கோடு போட்டுக்கொண்டு, அந்தக் கோட்டுக்கு மேலே இருப்பதை எல்லாம் இப்போதைக்கு விட்டுவிடலாம்.

இனி, உள்ளே எந்தப் பகுதியில் நீர் நுழைகிறது என்று பார்ப்போம். எஞ்சின் எடையால் படகு பின்பக்கம் தாழ்ந்து நிற்பதால், அணியத்தில் நுழைந்த நீரும் ஏராவை (படகின் அடிநடுவில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்பை) ஒட்டி ஓடிப் பின்னால் வந்துதான் நிற்கும். அதைத் தடுத்து நிறுத்தினால் உண்மை தெரிந்துவிடும். காற்று அடங்கிய ஒரு நாளில், படகை நீரில் வைத்தே உட்புறத்தை நன்றாக உலர்த்தி, பிசைந்த களிமண்ணால் குறுக்கே இரண்டு மூன்று இடங்களில் நான்கு விரல் உயரத்துக்கு வரப்புக் கட்டுங்கள். குறுக்குச் சட்டங்கள் இருக்கும் இடத்தில், நீர் ஓடுவதற்காக விட்டிருக்கும் சிறு துளைகளை மட்டும் களிமண்ணால் அடைத்தால் போதும். பிறகு ஒவ்வொரு தடுப்புக்குள்ளும் முகத்துக்குப் பூசும் பவுடரை மெல்லியதாகத் தூவிவிட்டு, ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை பாருங்கள். நீர் நுழையும் தடுப்பில் வெள்ளைப் பரப்பின் நடுவே முதலில் கடுகளவு கறுப்புப் புள்ளி தோன்றும். அது விரிந்து, சரிவு இருக்கும் பக்கமாக ஒரு வால் விட்டு இறங்கும். அந்த வாலின் மேல் நுனிதான் உங்களுக்கு வேண்டிய இடம். இரண்டு தடுப்புகளில் ஒரே சமயத்தில் நனைந்தால் மனம் தளர வேண்டாம். பழைய படகில் ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் இருப்பது வழக்கந்தான்.

உள்பக்கம் ஏற்கெனவே இரண்டு அடுக்கு மேட் ஒட்டியிருப்பதால் உங்கள் படகில் ஒரு சிக்கல் உண்டு. வெளியிலிருந்து வரும் நீர் அந்த ஒட்டுக்கு அடியில் ஓடி, ஒட்டின் ஓரத்தில் எங்கே இடைவெளி இருக்கிறதோ அங்கே எட்டிப்பார்க்கும். நனைவு ஒட்டின் ஓரத்தில் தோன்றினால் அதை நம்பிவிடாமல், படகைக் கரையேற்றி வெளிப்பக்கத்திலிருந்து தேட வேண்டும்.

கரையில் செய்யும் சோதனை, உள்ளே நீர் ஊற்றி வெளியே பார்ப்பது. இதில் அவசரம் கூடாது. படகின் அடியில் விரிந்து நிற்கும் நீர் பார்வைக்குக் குறைவாகத் தெரிந்தாலும், 7 மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் உள்ள பரப்பில் 10 சென்டிமீட்டர் நீர் நின்றால் அது 700 லிட்டர், அதாவது முக்கால் டன்னுக்குச் சற்றுக் குறைவு. கடலில் இருக்கும்போது வெளியிலுள்ள நீர் ஓட்டைச் சுற்றிலும் தாங்குகிறது. கரையில் அந்தத் தாங்கல் இல்லை. ஆகவே ஏராவின் அடியில் நான்கைந்து இடங்களில் கட்டை கொடுத்து, இரு பக்கமும் மணல் மூட்டைகளோ பழைய டயர்களோ அணைவாக வைத்து, அதன் பிறகே நீர் ஊற்ற வேண்டும். மணலிலேயே படகைக் கிடத்தினால் கசியும் நீரை மணல் குடித்துவிடும், ஒன்றும் தெரியாது. வெளியே போட்ட நீர்க்கோட்டின் உயரத்துக்கு மேல் நீர் நிரப்பத் தேவையில்லை. தேவையானால் படகைச் சற்றே சாய்த்து, களிமண் வரப்பைப் பயன்படுத்திப் பகுதி பகுதியாக நிரப்பலாம்.

நம் மாவட்டத்தில் குடிநீர் படும் பாடு எல்லாரும் அறிந்ததே. ஆகவே இதற்குக் குழாய் நீரையோ லாரி நீரையோ செலவழிக்காமல், ஒரு சிறிய பம்பு வைத்துக் கடல் நீரையே நிரப்பலாம். வேட்டிக்குப் போடும் சொட்டு நீலத்தை அதில் தாராளமாகக் கலந்துவிடுங்கள். வெளிப்பக்கத்தைப் பாசியும் கொட்டலசும் (படகடியில் ஒட்டி வளரும் ஓட்டுயிர்) போகத் தேய்த்துக் கழுவி, முற்றிலும் உலர்த்தி, பவுடரோ சுண்ணாம்புத் தூளோ பூசிக் காத்திருங்கள். மயிரிழை விரிசலில் நீர் ஊடுருவி வர ஓர் இரவுகூட ஆகலாம். காலையில் நீலக்கறை படிந்த இடங்களை எல்லாம் பென்சிலால் வட்டமிட்டுக்கொண்ட பிறகே நீரை வடியுங்கள். நீர் வடிந்து காய்ந்துவிட்டால் மெல்லிய கறைகள் கண்ணுக்கு மறைந்துவிடும்.

நம் கடற்கரையில் எந்தெந்த இடங்கள் முதலில் விட்டுப்போகின்றன என்பதையும் சொல்லிவிடுகிறேன். மணலில் இழுத்து ஏற்றும் படகுகளில் ஏராவின் பின் பாதி தேய்ந்து, மேல்பூச்சான ஜெல்கோட் போய், இழை வெளியே தெரியும். அந்த இழையின் வழியே நீர் பல அடி தூரம் உள்ளுக்குள் ஓட முடியும். மன்னார் வளைகுடாப் பக்கம் தீவுகளை ஒட்டித் தொழில் செய்பவர்களுக்குப் பார் (கடலடிப் பாறை) உரசிய காயம் இருக்கும். மேலே ஒரு கீறலாகத் தெரிவது, அழுத்திப் பார்த்தால் ஓட்டின் உள்ளடுக்கு வரை நொறுங்கியிருக்கும். கொட்டலசை இரும்புக் கரண்டியால் சுரண்டும் வழக்கத்தைக் கைவிடுங்கள் என்று ஒவ்வொரு முறையும் எழுதிவருகிறேன். அது ஜெல்கோட்டைப் பொட்டுப் பொட்டாகப் பெயர்த்துக்கொண்டு வந்துவிடுகிறது. மரச் சட்டம் போதும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்பாக, பின்பக்கத்தில் நீரை வடிக்க வைத்திருக்கும் துளையின் அடைப்பானைக் கழற்றிப் பாருங்கள். அதன் ரப்பர் வாஷர் வெயிலில் வெடித்திருக்கலாம், மரை தேய்ந்திருக்கலாம், பல வேளைகளில் அடைப்பான் நன்றாகவே இருக்க, அதைத் தாங்கும் பித்தளை வளையம் ஃபைபரிலிருந்து விட்டுப்போய், வளையத்தைச் சுற்றி நீர் வரும். அதன் ஓரத்தில் நகத்தை வைத்து நெம்பினால் ஆடுகிறதா என்று தெரிந்துவிடும். அதற்கு அடுத்தபடி எஞ்சின் தாங்கும் பின்பலகை. அதன் நடுவில் பெரும்பாலும் ஒட்டுப்பலகை வைத்திருப்பார்கள். போல்ட் துளை வழியாக நீர் புகுந்து அந்தப் பலகை ஊறிவிட்டால், நாணயத்தால் தட்டும்போது ‘டக்’ என்ற கணீர் ஓசை மாறி, மங்கிய ஓசை கேட்கும். போல்ட்டைக் கழற்றும்போது பழுப்பு நீர் வழிந்தால் ஐயமே வேண்டாம். அந்த நிலையில் போல்ட்டை மேலும் இறுக்குவது பலகையை நசுக்கத்தான் உதவும். கழற்றி, நன்றாக உலரவிட்டு, துளைக்குள் ரெசின் பூசி ஊறவைத்து, பாலியூரித்தேன் சீலண்டு வைத்து மாட்ட வேண்டும். வீட்டுக் குளியலறைக்கு வாங்கும் சாதாரண சிலிக்கான் நீர்மட்டத்துக்குக் கீழே நிலைக்காது. தவிர, அது பட்ட இடத்தில் பிறகு ரெசினும் பிடிக்காது.

இடம் தெரிந்த பிறகு ஒட்டும் வேலை சிறியதுதான். கடல் நீர் காய்ந்த உப்பு இருந்தால் ரெசின் பிடிக்காது என்பதால், கடைசி அலசலுக்கு மட்டும் இரண்டு குடம் நல்ல நீரைச் செலவழியுங்கள். இறுகிப் பழசான ரெசின்மீது புதிய ரெசின் வேதியியலாக ஒன்றிப்போவதில்லை. சொரசொரப்பைப் பற்றிக்கொண்டுதான் நிற்கிறது. ஆகவே கிரைண்டரால் விரிசலைச் சுற்றிச் சரிவாகத் தேய்த்து எடுப்பதுதான் இந்த வேலையின் உயிர்நாடி. ஓட்டின் கனத்தைப்போல் 12 மடங்கு தூரத்துக்குச் சரிவு இருக்க வேண்டும். 6 மில்லிமீட்டர் கனமுள்ள ஓட்டுக்கு விரிசலின் ஒவ்வொரு பக்கத்திலும் ஏழு சென்டிமீட்டர். சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட் ஓர் அடுக்குக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் கனம் தரும் என்பதால், எத்தனை அடுக்கு வேண்டும் என்பதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். ரெசினை இறுகச் செய்யும் ஹார்டனர், ரெசின் அளவில் ஒன்று முதல் இரண்டு சதவீதம். நம் பங்குனி, சித்திரை வெயிலில் ஒரு சதவீதத்தை ஒட்டியே நின்று, காலை வேளையில் வேலையை முடிப்பது நல்லது. ஒட்டு வெளிப்பக்கமாகவே இருக்கட்டும்; அங்கே கடலின் அழுத்தம் ஒட்டை ஓட்டோடு சேர்த்து அழுத்தும், உள்பக்கத்தில் அதே அழுத்தம் ஒட்டைத் தள்ளிப் பெயர்க்கும். ஒட்டி முடித்ததும் படகைக் கட்டையிலிருந்து இறக்காமல், மறுநாள் மறுபடியும் நீல நீர் ஊற்றிப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: எங்கள் மர வல்லத்துக்கு மேல் ஃபைபர் போர்த்தியிருக்கிறோம். போர்த்திய இரண்டு ஆண்டுகள் நன்றாக இருந்தது. இப்போது உள்ளே பலகை மூட்டுகளில் ஈரம் கசிகிறது. வெளியே எவ்வளவு தேடியும் ஓட்டை தெரியவில்லை. மேலே இன்னோர் அடுக்கு ஃபைபர் போடலாமா?
ஏர்வாடியிலிருந்து ஒரு வாசகர்

பதில்: போட வேண்டாம். உங்கள் வல்லத்தில் நீர் இரண்டு முறை வழி மாறுகிறது: ஃபைபரில் ஓரிடத்தில் நுழைந்து, ஃபைபருக்கும் பலகைக்கும் இடையிலுள்ள இடைவெளியில் ஓடி, பிறகு எந்த மூட்டு விட்டிருக்கிறதோ அந்த மூட்டில் உள்ளே வருகிறது. ஆகவே மேலே சொன்ன களிமண் வரப்புச் சோதனை உங்களுக்கு மூட்டைக் காட்டுமே தவிர, ஃபைபரில் உள்ள வாயைக் காட்டாது.

மரம் ஈரத்தில் விரிந்து வெயிலில் சுருங்கும். ஃபைபர் அப்படிச் செய்யாது. எண்ணெய் ஊறிய பழைய பலகையில் பாலியெஸ்டர் ரெசின் சரியாகப் பிடிப்பதும் இல்லை. இந்த இரண்டும் சேர்ந்து சில ஆண்டுகளில் போர்வை பலகையை விட்டுப் பிரிகிறது. கரையேற்றி உலர்ந்த பின், மரச் சுத்தியலின் கைப்பிடியால் ஓரடிக்கு ஓரடி தட்டிக்கொண்டே போய், பொள்ளலான ஓசை கேட்கும் இடத்தை எல்லாம் சாக்பீஸால் சுற்றி வரையுங்கள். வரைந்த பகுதிகளின் மிகத் தாழ்ந்த இடத்தில் 4 மில்லிமீட்டர் துளை ஒன்று போட்டால், உள்ளே நீர் சிறைப்பட்டிருந்தால் அது சொட்டத் தொடங்கும். சொட்டும் நீர் உப்புக் கரிக்காமல் இருந்தால், மழை நீர் மேல் விளிம்பு வழியாகவே இறங்குகிறது என்று பொருள். போர்வை முடியும் மேல் ஓரத்தையும் ஆணித் துளைகளையும் அப்போது முதலில் பார்க்க வேண்டும். மரத்தை உளுத்துப்போகச் செய்வதில் உப்பு நீரைவிட இந்த மழை நீரே கொடியது.

பிரிந்த பகுதி கைக்குட்டை அளவுக்கு உட்பட்டதாக இருந்தால் வெட்டியெடுத்து, பலகையை வாரக்கணக்கில் காயவிட்டு ஒட்டலாம். பாதி வல்லத்துக்குப் பரவியிருந்தால், மனம் கஷ்டப்பட்டாலும் போர்வையை முழுவதும் உரித்துவிட்டு, பலகைகளின் நிலையைப் பார்த்து, பழைய முறைப்படி கலப்பத்துப் பார்ப்பதா (மூட்டுகளில் பஞ்சு, நார் திணித்து அடைப்பதா) மறுபடி போர்த்துவதா என்று முடிவு செய்வதே சரி. ஈரப் பலகையின் மேல் இன்னோர் அடுக்குப் போட்டால், நீர் உள்ளே அடைபட்டு, பலகை யாருக்கும் தெரியாமல் உளுத்துவிடும். நடுக்கடலில் பலகை விட்டுப்போகும்போதுதான் அது தெரியவரும் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

கேள்வி: படகின் உள்ளே டீசல் எஞ்சின் வைத்திருக்கிறேன். சாப்டு (புரொப்பல்லரைச் சுழற்றும் தண்டு) வெளியே போகும் இடத்தில் சொட்டுச் சொட்டாக நீர் விழுகிறது. முழுவதும் நிற்கும்படி இறுக்கிவிடலாமா?
மண்டபத்திலிருந்து ஒரு வாசகர்

பதில்: சாப்டைச் சுற்றி நீரைத் தடுக்கும் கிளாண்டு, கயிறு பேக்கிங் (கயிற்றுத் திணிப்பு) வைத்தது என்றால், சாப்டு சுழலும்போது நிமிடத்துக்குச் சில சொட்டுகள் விழுவது முறையானதே, அந்த நீர்தான் பேக்கிங்கைக் குளிர்விக்கிறது. முழுவதும் நிறுத்தினால் பேக்கிங் கருகி, சாப்டில் பள்ளம் விழும். எஞ்சினை நிறுத்திய பிறகும் சொட்டிக்கொண்டே இருந்தால், நட்டைக் கால் சுற்றுக்கும் குறைவாக இறுக்கிப் பார்த்து, ஓட்டிய பின் கிளாண்டைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு இருந்தால் அதிகமாக இறுக்கிவிட்டீர்கள் என்று அறியலாம். இறுக்கியும் பயனில்லை என்றால் பழைய பேக்கிங்கை ஒரு துணுக்கும் மிச்சமின்றி எடுத்துவிட்டுப் புதிய வளையங்களை, வெட்டுவாய்கள் ஒரே நேரில் வராதபடி மாற்றி மாற்றி வைக்க வேண்டும்.

கேள்வி: எங்கள் படகின் தளத்துக்கு அடியில் மூடிய அறைகள் உள்ளன. உள்ளே ஃபோம் நிரப்பியிருப்பதாகச் சொன்னார்கள். படகில் தண்ணீர் தெரிவதில்லை. ஆனால் முன்பைவிடப் படகு தாழ்ந்து நிற்கிறது. இழுத்து ஏற்றவும் கூடுதலாக ஆட்கள் தேவைப்படுகிறார்கள். அறைக்குள் நீர் இருக்குமா?
கீழக்கரையிலிருந்து ஒரு வாசகர்

பதில்: பெரும்பாலும் இருக்கும். கரையேற்றி, அறையின் மிகத் தாழ்ந்த மூலையில் உள்பக்கச் சுவரில் சிறு துளை ஒன்று போட்டு, ஓர் இரவு விட்டால் தெரிந்துவிடும். ஃபோமே நீரைக் குடித்திருந்தால் சொட்டுவது நின்ற பிறகும் எடை குறையாது. நீண்ட காலம் நீரில் கிடக்கும் பாலியூரித்தேன் ஃபோம் மெல்ல மெல்ல நீரை ஏற்கக்கூடியது. அந்த ஃபோமை வெட்டி எடுப்பதைத் தவிர வழியில்லை. மறுபடி நிரப்பும்போது விலை குறைவு என்று தெர்மாகோலை வைத்து அதன்மேல் ரெசின் பூசிவிடாதீர்கள். ரெசினிலுள்ள ஸ்டைரீனும் சிந்தும் பெட்ரோலும் தெர்மாகோலைக் கரைத்துவிடும்.

மூடிய அறையில் கசிவிடத்தைக் கண்டறிய, சோப்பு நீர் பூசிக் காற்றைச் செலுத்தும் முறை நல்லது. ஆனால் பஞ்சர் கடைக் கம்ப்ரசரை அருகில் கொண்டுவரவே கூடாது. ஒரு பி.எஸ்.ஐ. அழுத்தம் என்பது நம் காதுக்குச் சிறியதாகப் படுகிறது. ஒரு சதுர மீட்டர் தளத்தில் அது சுமார் 700 கிலோ எடையாக அழுத்தும், தளம் பிளந்துவிடும். வாயால் ஊதும் காற்றோ, ஒரு சிறிய புளோயரைத் துளைக்கு முன் தள்ளிப் பிடிப்பதோ போதுமானது. குமிழ் வரும் இடம் தெரியும்.

கேள்வி: என் வீட்டுக்காரர் படகுக்கு ஃபைபர் ஒட்டும் சாமான்களை வீட்டுச் சமையலறை ஓரத்தில்தான் வைக்கிறார். முற்றத்திலேயே கலக்கி ஒட்டுகிறார். வாடை தலையைச் சுற்றுகிறது. துணி துவைத்த பிறகும் உடம்பு அரிக்கிறது. கசிவை அடைக்க வேண்டியது அவசியந்தான். ஆனால் வீட்டில் சிறு பிள்ளைகள் இருக்கிறார்கள். இதில் பயப்பட ஏதாவது இருக்கிறதா?
பாம்பனிலிருந்து ஒரு வாசகி

பதில்: இருக்கிறது, அம்மா. நீங்கள் கேட்டது மிகவும் நல்லதாயிற்று. இதைத் தயவுசெய்து உங்கள் வீட்டுக்காரரிடமும் படித்துக் காட்டுங்கள்.

அந்த வாடை ஸ்டைரீன் என்ற பொருளினுடையது. சுமார் 31 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலேயே அதன் ஆவி தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். நம் ஊரில் பகல் வெப்பம் அதைத் தாண்டுவது அன்றாட நிகழ்ச்சி. ஆகவே ரெசின் டப்பா அடுப்பு இருக்கும் இடத்தில் ஒரு நாள்கூட இருக்கக் கூடாது. ஒட்டும் வேலை, காற்று வீட்டிலிருந்து விலகி அடிக்கும் பக்கமாக, கரையிலேயே நடக்கட்டும்.

ரெசினோடு வரும் இரண்டு சிறிய பாட்டில்களில் ஒன்று, ஊதா நிறமாக இருக்கும் கோபால்ட் ஆக்ஸிலரேட்டர். மற்றொன்று, தண்ணீர்போலத் தெளிவாக இருக்கும் ஹார்டனர். இவை இரண்டையும் நேருக்கு நேர் கலந்தால் தீப்பற்றி வெடிக்கும். ஆக்ஸிலரேட்டரை முதலில் ரெசினில் கலந்து நன்றாகக் கிளறிய பிறகே ஹார்டனரைச் சேர்க்க வேண்டும். இரண்டு பாட்டில்களையும் ஒரே பையில் வைக்கக்கூட வேண்டாம். ஒன்று உடைந்து மற்றதில் வழிந்தால் போதும். ஹார்டனரைத் தண்ணீர் பாட்டிலிலோ குளிர்பான பாட்டிலிலோ ஊற்றி வைக்கும் பழக்கம் வீட்டில் இருந்தால் இன்றே நிறுத்துங்கள், பிள்ளைகள் தண்ணீர் என்று எண்ணிக் குடித்துவிட வாய்ப்புண்டு. ஒரு துளி கண்ணில் பட்டாலும் பார்வை போகக்கூடும். பட்ட நொடியிலேயே நல்ல நீரால் குறைந்தது 15 நிமிடம் விடாமல் கழுவிவிட்டு, வலி குறைந்தாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். கலக்கும்போது கண்ணாடி அணிவதும், பக்கத்தில் ஒரு குடம் நல்ல நீர் வைத்திருப்பதும் இதற்காகத்தான்.

அரிப்புக்குக் காரணம் கிரைண்டர் போடும்போது பறக்கும் கண்ணாடி இழைத் தூள். அந்த வேலைக்கென்று ஒரு முழுக்கைச் சட்டையை ஒதுக்கி, அதைக் கரையிலேயே உதறிவிட்டு வரச் சொல்லுங்கள். மற்றத் துணிகளோடு ஊறவைக்காமல் அதைத் தனியாக அலசி, அலசிய வாளியையும் ஒரு முறை கழுவிவிடுங்கள். உடம்பில் பட்ட தூளைத் துண்டால் அழுத்தித் துடைத்தால் இழை தோலுக்குள் ஏறும். முதலில் குளிர்ந்த நீரை ஓடவிட்டுக் கழுவி, அதன் பிறகு சோப்புப் போடலாம். மூக்கில் துண்டைக் கட்டிக்கொள்வது இந்தத் தூளுக்குப் போதாது. தூசிக்கென்று விற்கும் முகக்கவசம் வேண்டும். ஸ்டைரீன் ஆவியை அந்தக் கவசமும் தடுக்காது என்பதால், திறந்த வெளியில் காற்றுக்கு முதுகு காட்டி நின்று ஒட்டுவதையும் விட்டுவிடக் கூடாது. மீந்துபோய்ச் சூடேறும் ரெசினைக் குப்பையில் கொட்டாமல், மணலில் மெல்லியதாகப் பரப்பி இறுகவிட்ட பிறகே அப்புறப்படுத்துங்கள்.